உன்னைத் தோற்கடித்த என் வாக்கு

நேற்று ஆசியக் கடையில் யாரோ ஒரு புளித்த டோஃபுப் போத்தலைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று நன்றாக மூச்சை இழுத்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

யூரோ நாணயம் வந்த புதிதில், ஜெர்மனியின் பான் நகர விடுதியில், அந்த மணத்தோடுதான் நீ எனக்கு அறிமுகமானாய். நீ தாய்வானிலிருந்து சட்டத்தில் முனைவர் பட்டத்துக்கு வந்தவள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தவள். ஒரு அடுப்பில் நீ டோஃபு பொரித்தாய், பக்கத்து அடுப்பில் நான் கருவாடு பொரித்தேன். மூன்றாம் மாடியில் ஒருத்தி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டாள்.

அடுத்த நாள் விடுதிப் பராமரிப்பாளர் குசினிக் கதவில் அறிவித்தல் ஒட்டினார்: கடும் மணமுள்ள உணவு சமைக்கத் தடை. நான் தலையைக் குனிந்துகொண்டு சட்டியை அறைக்குக் கொண்டுபோனேன். நீயோ விடுதி விதிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு வந்து என் கதவைத் தட்டினாய்.

"இப்பிடித் தடை போட அந்தாளுக்கு அதிகாரம் இல்லை. விடுதிப் பிரதிநிதிதான் போடலாம். அப்ப, நான் பிரதிநிதியா வாறன்."

நாம் பேசியது உடைந்த ஜெர்மன்தான். நினைவில் மட்டும் ஏனோ நீ யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறாய்.

உன்னை எதிர்த்து நின்றவன் புவியியல் படித்த ஒரு நெட்டையன். சைக்கிளுக்குக் கொட்டகை போடுவேன் என்று சொல்லித் திரிந்தான். நாம் இருவரும் வீடு வீடாகப் போவதுபோல அறை அறையாகப் போனோம். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் வாக்கு அது. ஊரில் வாக்குப் போடுகிற வயது வருமுன்பே நான் புறப்பட்டுவிட்டேன்.

எண்ணும்போது பராமரிப்பாளர் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "இது என்ன படம்?"

உன் பெயருக்கு நேரே அழகான புள்ளடி. அதன் கீழே தமிழில் ஒரு வரி. அந்த விடுதியில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குக் காது சூடாகிவிட்டது. சட்டம் படிக்கிறவள் என்று எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ எழும்பி, "சீட்டிலை வேறை ஏதும் எழுதியிருந்தால் செல்லாது" என்று சொன்னாய்.

பதினான்குக்குப் பதினான்கு. பெயரைக் குலுக்கிப் போட்டார்கள். நெட்டையன் வென்றான்.

குசினியில் வந்து கேட்டாய். "என்ன எழுதினனீ?"

"'நீ வெல்லுவாய்' எண்டு."

நீ சிரிக்கத் தொடங்கி, நிற்க ஏலாமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாய். நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகு நானும் உட்கார்ந்தேன். நெட்டையனும் கெட்டவனில்லை. ஒரு மாதத்தில் தானே தட்டோடு வந்து உன் டோஃபுவுக்கு நின்றான். தடை தானாகக் கழன்றது.

அதுவரை உன் ஆய்வுக்கு நீ கொண்டுபோன மூன்று தலைப்புகளையும் பேராசிரியர் திருப்பி அனுப்பியிருந்தார். நாலாவதாக நீ கொண்டுபோனது செல்லாத வாக்குகள். மூன்று ஆண்டுகள், முந்நூறு பக்கங்கள். உன் வாய்மொழித் தேர்வுக்கு நான் ஒரு சாண் அகலத்துக்குக் கரை வைத்த சேலையில் வந்து கடைசி வரிசையில் இருந்தேன். வாக்களித்தவரின் எண்ணம் தெளிவாக இருந்தால் அந்த வாக்கைத் தூக்கி எறியக் கூடாது என்று நீ வாதாடினாய். உதாரணம் கேட்டார்கள். நீ விடுதிக் கதையைச் சொன்னாய்.

"அப்படியானால் அன்றைக்கு உங்கள் தீர்ப்பு?" என்றார் ஒரு பேராசிரியர்.

"பிழை," என்றாய் என்னைப் பார்த்து.

எல்லோரும் இங்கத்தை வழக்கப்படி மேசையைத் தட்டிப் பாராட்ட, நான் மட்டும் எழும்பி நின்று கைதட்டினேன்.

நீ ஊருக்குப் போனாய், பல்கலைக்கழகத்தில் படிப்பித்தாய், பிறகு நாடாளுமன்றத்துக்கு நின்றாய். முதல் முறை தோற்ற அன்று தொலைபேசியில் நீ கேட்ட முதல் கேள்வி: "இந்தமுறை நீ ஒண்டும் எழுதேல்லைத்தானே?" இரண்டாம் முறை வென்றாய். ஒலிபெருக்கி பூட்டிய வண்டியிலிருந்து தொலைபேசி எடுத்துக் கத்தினாய். உன் சொல் ஒன்றும் விளங்கவில்லை. நானும் பதிலுக்குக் கத்தினேன், பேருந்தில் இருந்துகொண்டு.

உறுப்பினராகப் பெர்லினுக்கு ஒரு குழுவோடு வந்தவள், ரயிலேறி என் வீட்டுக்கு வந்தாய். கூட வந்த கோட்டுப் போட்ட அதிகாரி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்பெட்டியின் மேல் கிடந்த கடிதம் உன் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பம். மறுத்திட்டினம். விடு."

நீ கோட்டைக் கழற்றிவிட்டு வாசித்தாய். "ஆர் மறுத்தது? ரெண்டு பத்திரம் குறையுதாம். வெள்ளிக்கிழமைக்குள்ளை குடுக்கட்டாம். நீ ரெண்டாம் வரியோடை நிப்பாட்டிப்போட்டு மூண்டு கிழமை அழுதிருக்கிறாய்."

அதிகாரி செருமினார். "இருக்கச் சொல்லு. தேத்தண்ணி குடு," என்றாய். பத்திரங்கள் போய்ச் சேர்ந்தன. குடியுரிமையும் வந்தது.

போன மாசியில் உன் தம்பியின் மின்னஞ்சல் வந்தது. நீ காலமாகிவிட்டாயாம். இரண்டு ஆண்டு நோயாம். தொலைபேசியில் என்னைச் சிரிக்க வைத்தாயே தவிர, அதை ஒரு சொல் சொல்லவில்லை. அதற்கு மட்டும் உன்னோடு இன்னும் கோபம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் கோயில் மண்டபத்தில் எங்கடை சனம் ஜெர்மன் அலுவலகக் கடிதங்களோடு என்னிடம் வருகிறார்கள். போன கிழமை மன்னார் அக்கா ஒருவர் வந்தார். நான் வாசித்து விளக்கியதும் கேட்டார்.

"பிள்ளை, நீர் சட்டம் படிச்சனீரோ?"

"இல்லை அக்கா. என்ரை சிநேகிதி படிச்சவ."

"அவ இப்ப எங்கை? அவவையும் ஒருக்காக் கேட்டுப் பாரும்."

"அவ நாடாளுமன்றத்திலை அக்கா," என்றேன். "அவவுக்கு வேலை கூட. நாங்களே எழுதுவம்."