காலிக் காலின் எடை

ஜூன் 3

என் அக்கா பெற்ற ராஜாத்திக்கு,

மாமா இரும்பாட்டம் இருக்கிறேன். தலைசுற்றலுக்கு டாக்டர் தாய் சி என்ற சீனப் பயிற்சி பழகச் சொன்னார் அல்லவா? சேர்ந்த மூன்றாம் நாளே வாத்தியாரம்மா வாயைப் பிளந்துவிட்டார். "ஐயா, நீங்க சீனாவுல பொறந்திருக்க வேண்டிய ஆளு!"

விஷயம் சுலபம். யாங் நிறைவு, யின் வெறுமை. உடம்பின் முழுப் பாரமும் ஒரு காலில். மற்றது காலிக் கால். பிறகு மெல்ல மாற்ற வேண்டும். மற்றவர்கள் குத்துமதிப்பாக மாற்றுகிறார்கள். நாற்பது வருஷம் எடை மெஷின் ரிப்பேர் பார்த்தவனுக்குக் குத்துமதிப்பா? பட்டறையில் இரண்டு மெஷினை ஒட்டிப் போட்டு, ஒன்றுக்கு ஒரு காலாக ஏறி நின்றேன். இடது எழுபத்திரண்டு, என் முழு எடை. வலது பூஜ்யம் காட்ட வேண்டும். முப்பத்தெட்டு காட்டுகிறது! கழற்றி மாட்டிப் பார்த்தேன், கோளாறே இல்லை. காலிக் காலுக்கே முப்பத்தெட்டு கிலோ பலம் உள்ளவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

உன் மாமா

ஜூன் 11

அன்புள்ள மாமா,

சிரித்துக்கொண்டே படித்தேன், முப்பத்தெட்டு வரும்வரை. அத்தை படுக்கையில் கிடந்தபோது வாராவாரம் அந்த மெஷினில்தானே தூக்கி நிறுத்தி, எடையைச் சுவரில் சாக்பீஸால் எழுதினீர்கள்? அத்தை கண்மூடிய அந்தக் கடைசி வாரம் நானும் இருந்தேன். நீங்கள் எழுதியது முப்பத்தெட்டு.

மெஷினை மூடிவிட்டு இங்கே வந்துவிடுங்கள், மாமா. மாடி அறை உங்களுக்குத்தான். இல்லையென்றால் மாதக் கடைசியில் நானே வந்து கூட்டிப்போவேன்.

உங்கள் கடிதத்தின் அடியில் அத்தை எப்போதும் ஒரு வரி எழுதுவார்களே, "மாமா சொல்வதில் பாதி புளுகு" என்று. அந்த இடம் வெறுமையாக இருப்பதை இன்னும் பார்க்க முடியவில்லை.

உங்கள் பாப்பா

ஜூன் 22

ராஜாத்தி,

சுவரைப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான். பயப்படுகிற ஆளா நான்? மறுநாள் வலதில் நாற்பத்தொன்று, எனக்கு அறுபத்தொன்பது. எப்போது கூட்டினாலும் நூற்றுப்பத்து. ஒரு கிராம் சிந்தாமல் இப்படி மாற்ற வாத்தியாரம்மாவாலும் முடியாது.

போன புதன்கிழமை ஐம்பத்தைந்துக்கு ஐம்பத்தைந்து. இரண்டு முள்ளும் ஒரே இடத்தில். "போதும், இங்கயே நிறுத்துங்க" என்று காதோரம் கேட்டது. நிறுத்துவேனா? அந்தச் சுவரில் எண் இறங்க இறங்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் நான். இப்போது ஏறுகிறது, பாப்பா.

இன்று காலை அவள் எழுபத்திரண்டு, நான் முப்பத்தெட்டு. சுவரில் எழுதியாயிற்று. என்னைப்போல் இலகுவாக நடப்பவன் யாருமில்லை. மாடிப்படி முனகுவதே கிடையாது. ஜன்னல் பக்கம் போனால் மட்டும் சட்டைப்பையில் இரண்டு கிலோ எடைக்கல் வைத்துக்கொள்கிறேன்.

நீ வா, ஆனால் என்னைக் கூட்டிப்போக வராதே. பட்டறைக் கதவை இழுக்க எனக்குப் பாரம் போதவில்லை. திறக்க ஆள் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதும் அந்த ஆள்தான்.

உன் மாமா

பாப்பா, மாமா சொல்வதில் பாதி புளுகு. எடை மட்டும் உண்மை. நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை. மாதக் கடைசி வேண்டாம், இன்றே வந்து கூட்டிப்போ.

அத்தை