கொட்டிருச்சு என்று சொன்னதற்கு

அண்ணே,

நேற்று பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளிலும் கழுத்திலும் சுண்ணாம்பு தடவியிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. விசாரிக்கத் தேவையே இல்லை. தேயிலை மலையில் குளவி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பஸ் கிளம்பியதும் போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆமாடி, கொட்டிருச்சு! என்னய மட்டுமா? நாலு பேர கொட்டிருச்சு!" என்று கத்தினாள்.

என் கை தானாக அவள் வாயைப் பொத்தப் போனது.

பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தாள். "என்னா அக்கா?" "ஒன்னுமில்லங்க" என்றேன். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு இப்போது குளவியைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. என் கைக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுத்தார்கள். அது எப்போது தொடங்கியது என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பாடசாலை விட்டு நான் பஸ் ஏறும் நேரமும், கடையில் அரைநாள் முடிந்து நீ ஏறும் நேரமும் அன்று ஒன்றாகிவிட்டன. அந்த கண்டக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும். சிங்களவர். ஆனால் நம் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம், "உள்ள போங்க மகாராணி, இங்க என்னா சிம்மாசனமா போட்டிருக்கு?" என்றார். நீ சும்மா இருக்கவில்லை. "அண்ணே, சிம்மாசனம் வேணாம், ஒடையாத சீட்டு ஒன்னு போடுங்க" என்றாய். பஸ்ஸே சிரித்தது. முன்வரிசையில் பஜார் மளிகைக்கடை முதலாளி இருந்தார், நம் ஆள்தான். அவரும் சிரித்தார்.

அப்போதுதான் உன் போன் அடித்தது. நீ கேட்டதெல்லாம் எனக்கு இன்னும் வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "என்னாது? கொட்டிருச்சா? எத்தன பேர? பத்துப் பேரயா? எந்த மலையில? ஐயோ, அம்மாவையுமா கொட்டுச்சு? ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க, நான் வந்துர்றேன்!"

தமிழ் தெரிந்தவனுக்கு இது குளவி. தெரியாதவன் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். கொட்டி. சிங்களத்தில் கொட்டி என்றால் புலிகள். அந்த வாரம்தான் கொழும்புப் பக்கம் எங்கேயோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. முன்னால் இருந்த வெள்ளைச் சட்டைக்காரன் திரும்பி உன்னைப் பார்த்ததை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. நீ அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தாய்.

பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றதும் அந்த ஆள் முதலில் இறங்கிக் காதோடு காதாக ஏதோ சொன்னான். அதிகாரி உள்ளே ஏறி வந்தான். உன் அடையாள அட்டையை வாங்கினான், போனை வாங்கினான். "கொட்டி என்று எதைச் சொன்னாய்?" என்று கேட்டான். உனக்கு சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் அன்று வாய் குழறியது. அம்மா, ஆஸ்பத்திரி, குளவி என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாய். அவன் நம்பவில்லை.

நம்பாவிட்டாலும் அவன் ஒரு நியாயமான காரியம் செய்தான். இதை நான் மறைக்க மாட்டேன். பஸ்ஸைப் பார்த்து, "தெமள தன்ன கவுருத் இன்னவத?" என்று கேட்டான். தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இவன் சொன்னதற்கு என்ன அர்த்தம்?

ஒரு பஸ் நிறைய இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். காலையில் சிங்களத்தில் சாமான் விற்று மாலையில் தமிழில் சண்டை போடுகிறவர்கள். ஒருவர் கை தூக்கியிருந்தால் போதும். "மாத்தயா, அது குளவி கொட்டினதைச் சொல்றது" என்று ஒரே ஒரு வாக்கியம். மளிகைக்கடை முதலாளி ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தைப் பார்த்தார். சற்று முன் உன் பேச்சுக்குச் சிரித்த அத்தனை பேரும் வெளியே பார்த்தார்கள்.

நான் கை தூக்கினேன். "தெபரு, மாத்தயா, தெபரு!" என்று கத்தினேன். குளவிக்குச் சிங்களத்தில் எனக்குத் தெரிந்த சொல் அதுதான், அது சரியான சொல்லும்கூட. "நங்கி, கட்ட வஹகன்ன" என்றான் அதிகாரி. தங்கச்சி, வாயை மூடு. நான் சின்னப்பிள்ளை, அதோடு உன் தங்கை. என் கை கணக்கில் சேராது.

உன்னை இறக்கினார்கள். ஒரு வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். நீ படியில் நின்று, "புள்ள, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ, அம்மாகிட்ட ஒன்னும் சொல்லாத, நான் ராத்திரி சோத்துக்கு வந்துருவேன்" என்றாய்.

ஒன்றரை வருடம் கழித்து வந்தாய்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வீக்கம் வடிந்ததும் பொலிஸ் ஸ்டேஷனுக்கு நடக்கத் தொடங்கினாள். உன்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது என்றார்கள். எந்தக் குற்றம் என்று கேட்டால் அவசரகாலச் சட்டம் என்றார்கள். வழக்கு எப்போது என்று கேட்டால், நாட்டு நிலைமை சரியில்லை என்றார்கள். தோட்டத்தில் ஓட்டுக் கேட்டு வந்த நம் தலைவர்களும் அதையேதான் சொன்னார்கள். "நெலம சரியில்லம்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க." அவர்களுக்கு நிலைமை நன்றாகத்தான் இருந்தது. அமைச்சுப் பதவி இருந்தது, வாகனம் இருந்தது.

அப்புறம் மாகாண சபைத் தேர்தல் வந்தது. நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு உன் வாக்காளர் அட்டை வந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. நீ எங்கே இருக்கிறாய் என்றே தெரியாத அரசாங்கம், ஓட்டுப் போட வா என்று உன்னை அழைத்திருந்தது. அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் பெரிய மாத்தயாவிடம், ஸ்டேஷன் பொறுப்பதிகாரியிடம், சொன்னாள்: மகனை ஓட்டுப் போட மட்டும் அனுப்புங்கள், போட்டதும் நீங்களே திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அங்கிருந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். பெரியவர் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மே, யுத்தெ இவர வெலா பலமு" என்றார். யுத்தம் முடியட்டும், பார்ப்போம். வாசலுக்கு வந்ததும் அம்மா என்னிடம் கேட்டாள், "அப்ப எதுக்குடி இத அனுப்புனாங்க?"

போன மாதம் இரத்தினபுரியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். யுத்தம் நடக்கும் நாட்டில் ஜனநாயகத்தைக் காப்பாற்ற முடியுமா என்பது தலைப்பு. கோட்டுப் போட்ட ஒருவர், முடியும் என்பதற்கு நம் நாடே சாட்சி, அத்தனை வருட யுத்தத்திலும் தேர்தல்கள் நடந்தன, பாராளுமன்றம் கூடியது, நீதிமன்றம் திறந்திருந்தது என்று பேசினார். எல்லாம் உண்மைதான். என் முறை வந்தபோது அம்மாவின் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு தேநீர் இடைவேளை விட்டார்கள்.

நீ வேறு விதமாகப் பேசியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஓட்டு விஷயத்தில் நமக்குள் எப்போதும் சண்டைதான். முதல் ஓட்டுப் போட்டுவிட்டு மை வைத்த விரலை லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தவன் நீ. "நம்ம அப்பாவுக்கு நாப்பது வயசு வரைக்கும் பிரஜாவுரிம இல்ல, ஓட்டு இல்ல. எனக்கு பதினெட்டுலயே கெடைச்சிருக்கு. யுத்தம் நடந்தாலும் ஓட்டுப் பெட்டிய யாரும் தூக்கிட்டுப் போயிறலயே" என்பாய். உள்ளே போய்வந்த பிறகும் ஒரு தேர்தல்கூட விடவில்லை. "இவ்வளவு பட்டும் உனக்கு வெக்கமா இல்லயா?" என்று கேட்டேன். "அந்த ஒரு எடத்துலதான் புள்ள என் பேர மரியாதையா கூப்பிடுறாங்க" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

குற்றம் எதுவும் இல்லை, போகலாம் என்று அனுப்பியிருந்தார்கள். மன்னிப்பு இல்லை. வந்த நீயும் போன நீ இல்லை. பஸ்ஸில் போன் அடித்தால் எடுக்க மாட்டாய். என்னிடம்கூட அநேகமாகச் சிங்களத்தில்தான் பேசுவாய். யாரோடும் வாயடிக்க மாட்டாய். அந்த கண்டக்டர் அதன்பிறகு அம்மாவிடம் டிக்கெட் காசே வாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முதலாளியும் கெட்டவர் இல்லை. அன்று கை தூக்கியிருந்தால் அவரையும் சேர்த்து இறக்கியிருப்பார்கள், கடையை உடைத்திருப்பார்கள். அது அவருக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல ஒரு மனிதன் இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருந்தால், அந்த நாட்டில் எத்தனை ஓட்டுப் பெட்டி வைத்து என்ன?

இதை நான் உன்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். நீ பதில் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னாய்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த வருடம். மறுபடியும் அவசரகாலச் சட்டம், மறுபடியும் பாலத்தில் சோதனைச் சாவடி. நீ வேலை முடிந்து வந்தவன் சாப்பாட்டைத் தொடாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாய். என்னவென்று கேட்டேன். உன் கடைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் முஸ்லிம் பையனை, நீ வந்த அதே பஸ்ஸில் பிடித்துவிட்டார்களாம். அவன் பையில் வயரும் பழைய பேட்டரிகளும் இருந்தனவாம். இவனைத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்களாம்.

"நீ சொன்னியா?" என்றேன்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தமிழில் சொன்னாய். "ஜன்னலப் பாத்தேன் புள்ள."

நீயே தொடர்ந்தாய். "அவன் என்னய ஒரு தடவதான் பாத்தான். அப்புறம் பாக்கவே இல்ல. பாத்தா என்னயும் எறக்கிருவாங்கன்னு அவனுக்குத் தெரியும்."

யாருக்கு யார் காவல் இருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. எனக்கு இருபத்துநாலு வயது, உலகத்தின் மேலேயே கோபம். "ஒனக்கு நடந்தப்ப எப்புடி இருந்துச்சு? மறந்துருச்சா? நானா இருந்தா எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன்" என்றேன்.

நீ கோபப்படவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாய். பதின்மூன்று வயதில் கை தூக்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல, பாசத்தோடுதான் பார்த்தாய்.

"நானும் இத்தன வருசமா அப்புடித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாய்.

அந்த வாக்கியத்தைத்தான் அண்ணே, நான் சுமந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பையன் சில மாதம் கழித்து வெளியே வந்தான், கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டான். நீயும் போய்விட்டாய். கூட்டங்களில் நான் உரக்கப் பேசுகிறேன், கை தட்டுகிறார்கள். ஆனால் மேலே ஏறும் பஸ்ஸில் ஒவ்வொரு தடவையும் ஜன்னலோரத்தை விட்டு நடைபாதைப் பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.