நாலாம் நம்பர் வீட்டுப் பூட்டு

சேசு மரி சூசை துணை

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
12 ஜூலை 1938

பிரியமுள்ள அவர்களுக்கு,

உங்கள் மனைவி பெர்னதெத் எழுதிக்கொண்டது. நான் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. படுத்தபடியே வீட்டை அதட்டிக்கொண்டிருக்கிறாள். ஹூப்ளியில் உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

இது பூட்டு விஷயமான கடிதம். ஜீவனஹள்ளியில் அப்பா என் பெயருக்கு எழுதிவைத்த நாலு வாடகை வீடுகளில் நாலாம் நம்பர் போன மாதம் காலியாயிற்று. பூட்டித்தான் வைத்திருந்தேன். எவனோ ஒரே தட்டில் பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறான். காலி வீட்டில் என்ன கிடைக்கும், பித்தளைக் குழாயைத் திருகிக்கொண்டு போய்விட்டான். ஆனால் மற்ற மூன்று வீட்டிலும் பயம் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நம்பருக்குப் புதிதாக வந்திருக்கும் ஜோசஃபின், “அக்கா, எங்க பூட்டும் அதே கடைப் பூட்டுதானே?” என்று கேட்கிறாள். அதே கடைதான். சிட்டி மார்க்கெட்டில் பளபளவென்று இருந்தது, வாங்கினேன்.

வாடகை வீட்டுக்கு எந்தப் பூட்டு தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க உங்களை விட்டால் ஆளும் இல்லை. அப்பாவின் முப்பதாம் நாள் பூசையன்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அம்மா உங்களிடம் வாடகை வீட்டுச் சாவிக்கொத்தைத் திருப்பிக் கேட்டாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் நீங்கள் அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டீர்கள். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதைப் பற்றி எழுத உங்களுக்கு மனமில்லையென்றால் வேண்டாம். பூட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
பெர்னதெத்


ஹூப்ளி
19 ஜூலை 1938

அன்புள்ள பெர்னி,

சுகம். பளபளவென்று இருந்ததாம், வாங்கினாளாம். பூட்டு என்ன காதுக் கம்மலா?

முதலில் பூட்டை விட்டுக் கதவைப் பார். நாதாங்கி ஆடினால் அதில் எந்தப் பூட்டைத் தொங்கவிட்டும் பிரயோஜனமில்லை, திருடன் பூட்டைத் தொடாமலே நாதாங்கியைப் பெயர்த்துவிடுவான். ஆணிகளைப் பிடுங்கி மரையாணி போடச் சொல். அப்புறம் கடைக்குப் போ. பூட்டைக் கையில் வாங்கினால் கை கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். காதோரம் வைத்து ஆட்டிப் பார். உள்ளே கலகலத்தால் அது கிலுகிலுப்பை, குழந்தைக்குக் கொடு. அதே மாதிரி இன்னொரு பூட்டின் சாவியைக் கேட்டு வாங்கி இதில் போட்டுத் திருப்பு. திறந்ததோ, கடைக்காரன் என்ன கத்தினாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. இரும்பு வேண்டாம், நம் ஊர்த் தூறலுக்குத் துரு ஏறிவிடும்.

ஒன்று முக்கியம். குடித்தனக்காரர் காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்கும் சாவியை நம்பாதே. பிளாக்பள்ளிக் கடைத்தெருவில் நிற்க வைத்தே மாற்றுச் சாவி அடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு வீடு காலியானதும் அந்தப் பூட்டைக் கழற்றி வேறு வீட்டுக்கு மாட்டி, அந்த வீட்டுப் பூட்டை இங்கே கொண்டுவந்துவிடு. எது எங்கே போயிற்று என்று ஒருவரிடமும் மூச்சு விடாதே. நான் பார்த்துக்கொண்ட வரைக்கும் அப்படித்தான் செய்தேன். உன் அப்பாவுக்கே தெரியாது.

ரயில்வே பட்டறையில் என் பக்கத்தில் வேலை செய்கிற திண்டுக்கல்காரர் ஊருக்குப் போய் வந்தார். அவரிடம் சொல்லிப் பித்தளைப் பூட்டு ஒன்று வரவழைத்தேன். பார்சலில் வருகிறது. நாலாம் நம்பருக்கு மாட்டு. சாவி இரண்டில் ஒன்றுதான் அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று என்னிடம் இருக்கட்டும். நீ எங்கேயாவது தொலைத்துவிடுவாய், அதற்காகத்தான்.

சில்வெஸ்டர்


சேசு மரி சூசை துணை

ரிச்சர்ட்ஸ் டவுன்
9 ஆகஸ்டு 1938

பிரியமுள்ள அவர்களுக்கு,

பூட்டு வந்து சேர்ந்தது. தூக்கிப் பார்த்தேன், கை இறங்கியது. நாலு வீட்டுக்கும் நாதாங்கி மாற்றியாயிற்று.

நான் இதுவரை எதையும் தொலைத்ததில்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க ஒரு சாவியை ஏன் வைத்துக்கொண்டீர்கள்? பார்சலைப் பிரித்ததிலிருந்து இதுதான் மனதில் ஓடுகிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

நாலாம் நம்பரை யாருக்கும் விடவில்லை. வந்து கேட்பவர்களிடம், ஆள் வரப்போகிறது என்று சொல்லி அனுப்புகிறேன். சுண்ணாம்பு அடித்துவிட்டேன். கட்டில் போட்டு, ஜன்னலுக்கு நீலத் திரை தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அது அம்மா வீடு இல்லை. பகலில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு அங்கே வந்துவிடுவேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று உங்களை ஒருவரும் சொல்ல முடியாது. பெங்களூர் ஸ்டேஷனுக்கு மாற்றல் கேட்டால் கொடுக்கமாட்டார்களா?

அம்மாவிடம் சொன்னேன். படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, “வரட்டும்டி. நான் அன்னைக்கு நாலு பேர் எதிர்ல கேட்டிருக்கக் கூடாது” என்றாள். அவள் வாயிலிருந்து இதைக் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை.

வருகிறேன் என்று ஒரு வரி போடுங்கள்.

உங்கள்
பெர்னதெத்


ஹூப்ளி
4 செப்டம்பர் 1938

அன்புள்ள பெர்னி,

வருகிறேன்.

நீ கேட்ட ஒரு வரி எழுதியாயிற்று. மாற்றலுக்கும் மனுப் போட்டிருக்கிறேன். ஆப்பிரிக்காவில் நைரோபி ரயில்வேக்கு ஆள் எடுக்கிறார்கள், மூன்று வருஷ ஒப்பந்தம். நல்ல ஃபிட்டர் வேண்டுமென்று ஃபோர்மன் என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார். முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன். வீட்டில் திரை தைத்துவிட்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

தேதி மட்டும் கேட்காதே. தேதி சொன்னால் நீ ஜட்கா வண்டி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவாய், அத்தை கோழி அடிக்கச் சொல்வார்கள், சொந்தக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். நீ பூசை முடிந்து வந்து பார்த்துக்கொள்.

சில்வெஸ்டர்


சேசு மரி சூசை துணை

ரிச்சர்ட்ஸ் டவுன்
16 அக்டோபர் 1938, ஞாயிறு

என் பிரியமானவருக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை வந்தது நீங்கள்தானே? ஜோசஃபின் குழாயடியிலிருந்து பார்த்தாளாம். “யாரோ ஒருத்தர் நாலாம் நம்பர்ல சாவிய போட்டுப் போட்டுத் திருப்பினாருக்கா. தொறக்கல. ரெண்டாம் நம்பர் கதவாண்ட போயி அந்தப் பூட்டைக் கையில தூக்கிப் பார்த்துட்டு, விறுவிறுன்னு போயிட்டாரு. யாரு எவருன்னு எனக்குத் தெரியல” என்கிறாள். நாலாம் நம்பர் வாசற்படியில் உங்கள் ஊர்ப் பக்கத்து இனிப்பு, தார்வாட் பேடா டப்பா இருந்தது. ஹூப்ளியிலிருந்து வேறு யார் எனக்குப் பேடா கொண்டுவருவார்கள்?

நடந்ததைக் கேளுங்கள். இரண்டாம் நம்பரில் இருந்த கிளாரன்ஸ் நேற்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டு காலி செய்தான். சாவியை வீசிவிட்டுப் போனான். இன்னொன்று அடித்து வைத்திருப்பான் என்று எனக்குப் பட்டது. சாயங்காலமே ஒரு டீச்சர் இரண்டு பெண் பிள்ளைகளோடு அங்கே குடிவந்துவிட்டாள். கடையெல்லாம் சாத்தியாயிற்று. என் கையில் வேறு பூட்டு இல்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி, நாலாம் நம்பர்ப் பூட்டை இரண்டுக்கு மாட்டி, கிளாரன்ஸின் பூட்டை நாலுக்குக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு ராத்திரிக்கு. திங்கட்கிழமை புதுப் பூட்டு வாங்கி, உங்கள் பூட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவதாக இருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஓடிப்போய் நாலாம் நம்பர் வாசலில் நின்றிருக்கிறேன். இத்தனை ஞாயிறு வராதவர் இந்த ஞாயிறா வரப்போகிறார் என்று இன்று கோயிலிலேயே ஜெபமாலைக்கு இருந்துவிட்டேன். என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

நீங்களும்தான். நாலு கதவு இருந்ததே, ஒன்றையாவது தட்டக்கூடாதா? அன்றைக்கும் நான் வருவதற்குள் போனீர்கள். இன்றைக்கும் நான் வருவதற்குள் போய்விட்டீர்கள். டப்பாவைத் திறக்கவில்லை. வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம்.

உங்கள்
பெர்னி


ஹூப்ளி
17 அக்டோபர் 1938

பெர்னதெத்துக்கு,

நேற்று வந்தேன். ஸ்டேஷனிலிருந்து ஜட்காகூட வைக்காமல் நடந்தே வந்தேன், வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு. என் சாவி நாலாம் நம்பரைத் திறக்கவில்லை. வேறு ஏதோ இரும்புப் பூட்டுத் தொங்கியது. நான் வரவழைத்த திண்டுக்கல் பூட்டு இரண்டாம் நம்பரில் யாரோ குடித்தனக்காரர் கதவில். கொடியில் அவர்கள் துணி.

உன் அம்மா வாய் விட்டுக் கேட்டார்கள், சாவியைக் கொடுத்தேன். நீ வாய் திறக்காமலே பூட்டை மாற்றிவிட்டாய். அம்மாவே மேல்.

திரும்புகிற வழியில் ஹரிஹர் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. சாவியைத் துங்கபத்திரையில் எறிந்துவிட்டேன். இன்று காலை ஃபோர்மனிடம் போய் நைரோபிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

சில்வெஸ்டர்


ஹூப்ளி
19 அக்டோபர் 1938

என் பெர்னி,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் எழுதியதை இந்நேரம் நீ படித்திருப்பாய். அதைத் தயவுசெய்து அடுப்பில் போடு.

நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ ஒழுங்காகச் செய்தாய். அதுவும் யாரோ பெண் பிள்ளைகள் பத்திரமாக இருப்பதற்காக. எனக்கு அது தோன்றவேயில்லை, பெர்னி. பூட்டைப் பார்த்ததும் இரண்டு வருஷத்துக் கோபம் தலைக்கேறிவிட்டது. மூன்றாம் நம்பர்க் கதவைத் தட்டி, “பெர்னதெத் எங்கே?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் சின்னவனாகிவிடுவேன் என்று நினைக்கிற புத்தி எனக்கு.

ஃபோர்மனின் காலில் நான் விழாத குறை. பெயர்கள் பம்பாய்க்குப் போய்விட்டன, இனிப் பின்வாங்கினால் இங்கே இருக்கிற வேலையும் கிடையாது, வேறு எந்த ரயில்வேயிலும் சேர்க்கமாட்டார்கள் என்கிறார். நாளைக்கே பம்பாய் வண்டி. அங்கிருந்து கப்பல். உன்னை வந்து பார்த்துவிட்டுப் போக ஒரு நாள் கேட்டேன், அதுவும் இல்லை.

நாலாம் நம்பரை யாருக்காவது விட்டுவிடு. பூட்டிக் கிடந்தால் வீடு பாழாகும். சாவிக்காக வருத்தப்படுகிறேன். இந்த மூன்று நாளும் சட்டைப் பையில் கையை விட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சில்வெஸ்டர்


சேசு மரி சூசை துணை

ரிச்சர்ட்ஸ் டவுன்
11 டிசம்பர் 1938

பிரியமுள்ள அவர்களுக்கு,

சுகமாய்ப் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. அங்கே குளிருமா என்று எழுதவில்லை. இங்கே நல்ல குளிர்.

நாலாம் நம்பரை வைத்தீஸ்வரன் என்பவருக்கு விட்டுவிட்டேன். தபாலாபீஸில் வேலை, நல்ல மனிதர்கள். திரையைக் கழற்றும்போது அழுதேன். மடித்து வைத்திருக்கிறேன். இரண்டாம் நம்பர் டீச்சருக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, பக்கத்துப் பூட்டின் சாவியையும் போட்டுத் திருப்பினேன். “ஏனம்மா, நீங்க என்ன பூட்டு டாக்டரா?” என்று கடைக்காரன் கேட்டான். சிரித்தேன். ஜட்காவில் ஏறியபின் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் திண்டுக்கல் பூட்டை இங்கே கொண்டுவந்துவிட்டேன். அம்மா வீட்டு வாசல் கதவில், உள்பக்கம் தாழ்ப்பாளில் மாட்டி ராத்திரியில் பூட்டுகிறேன். இதை வேறு எந்தக் கதவுக்கும் மாற்றுவதாக இல்லை.

துங்கபத்திரையில் போன சாவிக்குப் பதில் இன்னொன்று அடித்து உங்களுக்கு அனுப்பலாம் என்று பிளாக்பள்ளி வரை போனேன். கடை வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சாவி இருந்தால் நீங்கள் அதைத்தான் போட்டுப் பார்ப்பீர்கள். திறக்கவில்லையென்றால் மறுபடியும் போய்விடுவீர்கள்.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். “காலு நடக்குதோ இல்லையோ, அவரு வந்தா கதவ நான்தான் திறப்பேன்னு போடு” என்றாள். மூன்று வருஷம் அவள் இருக்க வேண்டும். நானும் இருப்பேன்.

வரும்போது தட்டுங்கள். திறக்கும்வரை நில்லுங்கள்.

உங்கள்
பெர்னி