ஆயுத பூசையில் போன குப்பி

கார்த்திகை 9, செவ்வாய். புத்தூர்.

தொட்டியம் வாழை விவசாயி செல்வராசுவுக்குப் போன வருடம் வந்த அதே மண் கிருமிக் காய்ச்சல் திரும்பவும் வந்திருக்கிறது. வார்டில் பார்க்கப் போனபோது கேட்டார்:

"பழைய கிருமியே திரும்புச்சா, இல்ல சேத்துலேருந்து புதுசா வந்துச்சா? வயல்ல எறங்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்கம்மா."

போன வருடக் கிருமி, இப்போது எடுத்தது, இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும் என்று பெருமையடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் என் பொறுப்பிலுள்ள லேபுக்கு வந்தேன். போன வருடக் கிருமியை வைத்திருந்த குப்பி ஃப்ரீசரில் இல்லை. டெக்னீஷியன் மேரியிடம் கத்தினேன்.

"ஆயுத பூசைக்குச் சுத்தம் பண்றப்ப பழசெல்லாம் அழிச்சாச்சு மேடம்."

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

அழித்தவற்றின் பட்டியலை நீட்டினாள். செல்வராசு பெயரும் இருந்தது. கீழே என் கையெழுத்து. படிக்காமலே போட்டிருக்கிறேன்.

காலையில் அவர் கேட்பார். ஃப்ரீசர் கதவில் பூசையன்று நான் வைத்த சந்தனப் பொட்டு மட்டும் இன்னும் அழியவில்லை.