முள் கிடந்த தட்டு

ஹைஃபா,
6 மார்ச் 1966

அன்புள்ள வலேரியா அக்காவுக்கு,

கித்லா எழுதுகிறேன். போன தடவை அனுப்பிய காப்பித்தூள் கிடைத்ததா என்று ஒரு வரி போடக்கூடாதா? ஐந்து மாதமாகத் தபால்காரர் வரும்போதெல்லாம் மாடிப்படி இறங்கி இறங்கி என் முட்டிதான் தேய்கிறது. "அம்மா, உங்க போலந்து அக்கா உங்கள மறந்தே போயிட்டாங்க" என்று என் மகள் கேலி செய்கிறாள்.

ஒரு நல்ல விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். போர்க்காலத்தில் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய மற்ற மதத்துக்காரர்களை இங்கே இஸ்ரேலில் தேடித் தேடிக் கௌரவிக்கிறார்கள். ஜெருசலேமில் அவர்கள் பெயரில் ஒரு மரம் நடுகிறார்கள். நானும் படிவம் வாங்கி வந்துவிட்டேன். இருபத்தொரு மாதம் உங்கள் சமையலறைத் தரைக்கு அடியில், உருளைக்கிழங்குக் குழியில் எங்களை வைத்துச் சோறு போட்டீர்கள். தெரிந்திருந்தால் ஜெர்மன்காரன் உங்களையும் சேர்த்துச் சுட்டிருப்பான். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

படிவத்தில் ஒரு கேள்வி: எத்தனை பேர் ஒளிந்திருந்தார்கள், ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள்? இரண்டு பேர் என்று எழுதினேன். என் பெயருக்கு நேரே 'உயிரோடு இருக்கிறாள்' என்று எழுதினேன். லெய்சர் அண்ணன் பெயருக்கு நேரே பேனா நின்றுவிட்டது. அவன் எந்தத் தேதியில், எந்த வழியாகப் போனான்? சொல்லுங்கள்.

உங்கள் உப்பைத் தின்ற,
கித்லா

*

ஓல்ஷினா கிராமம்,
11 ஏப்ரல் 1966

கித்லாக் கண்ணுக்கு,

காப்பித்தூள் வந்தது. ஊரே மோப்பம் பிடித்துவிட்டது. "வலேரியாவுக்கு மட்டும் எங்கேருந்துடி வருது காப்பி? யூதன் தங்கத்தப் பொதச்சு வச்சிருக்காளோ என்னமோ" என்று தண்ணீர் இறைக்கிற இடத்தில் பேசுகிறார்கள். போர் முடிந்த வருஷம் யாரோ வந்து என் ஆப்பிள் மரத்தடியைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் போனது உனக்குத் தெரியாது. மரம் பட்டுப்போய்விட்டது. இருக்கிற மரத்தையே வாழவிடாத ஊர் இது. எனக்குப் புது மரம் எதற்கு? என் பெயர் எங்கேயும் வர வேண்டாம். தயவுசெய்து கேள்.

உன் அண்ணன் காட்டிலிருந்த போராளிகளோடு சேர்ந்துகொள்ளத் தானாகவே கிளம்பிப் போனான். அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். அதையே எழுது. எந்த வழி, எந்தத் தேதி என்று இனிமேல் கேட்காதே.

பக்கத்து வீட்டுப் புரோன்காவுக்கு உடம்பு ரொம்ப மோசம். வயிற்றில் கட்டி. தினமும் சூப் கொண்டுபோய் ஊட்டுகிறேன். "உப்பே இல்லடி, என்னக் கொல்லப் பாக்குறியா?" என்று திட்டிக்கொண்டே குடிக்கிறாள். உன் மகளுக்கு என் முத்தம்.

வலேரியா

*

ஹைஃபா,
22 மே 1966

அன்புள்ள அக்காவுக்கு,

'தானாகவே போனான்.' இந்த வரியை நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அடித்துவிட்டேன். அக்கா, லெய்சர் அண்ணன் ஒரு தையல்காரன். விரலில் ஊசி குத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவான். அவனா துப்பாக்கி தூக்கப் போனான்?

மரம் வேண்டாமென்றால் விடுங்கள், நான் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு வேண்டியது ஒரு தேதி. எங்களில் ஒருவர் இறந்தால் வருஷா வருஷம் அதே நாளில் விளக்கு ஏற்ற வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏற்ற முடியவில்லை, அவர்களை ஏற்றிப்போன ரயில் அந்தக் கொலை முகாமுக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அண்ணனுக்காவது ஏற்றுகிறேனே. இருபத்திரண்டு வருஷமாகத் திரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் அக்கா. உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

கித்லா

*

ஓல்ஷினா,
18 செப்டம்பர் 1966

கித்லா,

புரோன்காவைப் போன வாரம் அடக்கம் செய்தோம். உனக்குப் பதில் போடவே கூடாது என்று இருந்தேன். சாவதற்கு முந்தின நாள் அவள் சொன்ன ஒரு விஷயத்துக்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, டிசம்பர் இருபத்து நாலு. நீ குழிக்குள் காய்ச்சலில் கிடந்தாய். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பிட உட்காருவோம், வழிப்போக்கன் யாராவது வந்தால் ஆகட்டும் என்று ஒரு தட்டு கூடுதலாக வைப்போம். என் புருஷனை ஜெர்மனிக்கு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயாகிவிட்டது. என் மகன் ஸ்தாஷ் நாலு வயதில் தொண்டை அடைப்பானில் போய்விட்டான். வீட்டில் நான் ஒருத்தி. தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் உன் அண்ணனை மேலே கூப்பிட்டேன். "இந்தத் தட்டு உனக்குத்தான்பா, வா" என்றேன். உட்கார்ந்து மீன் சாப்பிட்டான். "வலேரியாம்மா, நாற்காலின்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு" என்று சிரித்தான்.

கதவு தட்டுகிற சத்தம். அவன் குழிக்குள் குதித்துவிட்டான். புரோன்கா பண்டிகை அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க வந்திருந்தாள். மேஜையைப் பார்த்தாள். விருந்தாளிக்குச் சுத்தமாக இருக்க வேண்டிய தட்டில் மீன்முள் கிடந்தது. அவள் முகம் மாறியது. அப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். இரண்டு நாள் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் செத்துப் பிழைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல பனி விழுந்தது, காலடித் தடம் மூடிவிடும். உன் அண்ணனிடம், "சோதனைக்கு வந்தா கிழங்குக்கு அடியில ஒருத்தரத்தான் மறைக்க முடியும். கித்லாவால நடக்க முடியாது. நீ ஆலைப் பக்கமாக் காட்டுக்குப் போ, பத்து நாள் கழிச்சு வா" என்றேன். போனான். கால் மணி நேரத்தில் ஆலைப் பக்கம் இரண்டு வெடிச் சத்தம். மறுநாள் தண்ணீருக்குப் போகிறவள் மாதிரிப் போய்ப் பார்த்தேன். அவனை ஜெர்மன்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். பனியில் தொப்பி கிடந்தது. அதை எடுக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

புரோன்கா என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த வருசம் கிறிஸ்துமஸுக்கு ஸ்தாஷோட ஆத்மாவுக்குத் தட்டு வச்சுப் பரிமாறியிருந்தியேடி. முள்ளப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. ஒன் எதிர்ல அழக் கூடாதுன்னு ஓடிப்போயிட்டேன்." அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, கித்லா. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தட்டு வைக்கிறேன். வாசலில் யாரோ பூட்ஸிலிருந்து பனியை உதறுகிற சத்தம் கேட்கிறது. திறந்தால் ஆள் இல்லை. விளக்கை டிசம்பர் இருபத்தாறாம் தேதி ஏற்று. இனிமேல் எனக்கு எழுதாதே, காப்பியும் அனுப்பாதே.

வலேரியா

*

ஹைஃபா,
9 அக்டோபர் 1966

என் வலேரியா அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அவனிடம் சொன்னதெல்லாம் அன்றைக்கே எனக்குக் கேட்டது. பலகைக்கு அடியில்தானே கிடந்தேன். பூட்ஸ் எடுக்க அவன் கீழே வந்தான். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்தினான். "கித்லா, முழிச்சிருக்கியா?" என்று இரண்டு தடவை கேட்டான். நான் கண்ணைத் திறக்கவில்லை. காய்ச்சல் அன்று விடியும்போதே விட்டிருந்தது. என்னால் நடக்க முடியும் அக்கா. எழுந்தால் நானும் போக வேண்டியிருக்கும் என்று பயந்து தூங்குகிறவள் மாதிரி கிடந்தேன். காய்ச்சல் இல்லாத உடம்பின் மேல் அவன் சட்டை.

தெரிந்தேதான் உங்களிடம் தேதி கேட்டேன். நீங்கள் வாயைத் திறந்தால் நானும் திறக்கலாம் என்றிருந்தேன். என் புருஷனுக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. படிவத்தைக் கிழித்துவிட்டேன். நீங்கள் கௌரவம் வேண்டாம் என்றதால் கிழிக்கவில்லை, என் கையெழுத்து அதில் இருக்கக் கூடாது என்று கிழித்தேன்.

டிசம்பரில் வரலாமா? ஆலைவரை ஒரு தடவை நடந்துவிட்டு வர வேண்டும். இதைப் படித்த பிறகு கதவைத் திறக்க மனமில்லையென்றால் பரவாயில்லை, வாசலோடு திரும்பிவிடுவேன்.

கித்லா

*

ஓல்ஷினா,
2 நவம்பர் 1966

கித்லாக் கண்ணு,

வா. இருபத்து நாலாம் தேதி இருட்டுவதற்குள் வந்துவிடு, தட்டு இரண்டு கூடுதலாக வைக்கிறேன். யார் வருகிறார்கள் என்று புரோன்காவின் மகள் கேட்டாள். "போர் சமயத்துல என் குழிக்குள்ள இருந்த பொண்ணு வரா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

நீ சொன்னதற்கு என் பதிலைக் கேட்டுக்கொள். கேட்ட பிறகும் வர மனமிருந்தால் வா.

அன்று காலையில் கஞ்சி கொண்டுவந்தபோது உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. உன் இமை துடித்ததையும் பார்த்தேன். என் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இது, எனக்கு ஒருத்தியாவது மிஞ்ச வேண்டும் என்று தோன்றியது. மேலே ஏறிப் போய், ஜன்னலிடுக்கில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அண்ணனின் காதோடு, "கித்லாவுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குதுப்பா" என்றேன்.

வலேரியா