ஜெயிக்கப் போகிறவருக்கு இங்கே என்ன வேலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். டயாலிசிஸ் அறையில் நலம் என்றால் என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில் நலம். உன் போன் வந்த நாளிலிருந்து ரத்தக் கொதிப்பு உன் அப்பாவுக்குத்தான், எனக்கில்லை.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் பதிலுக்குக் கத்துகிறேன், அப்பா நடுவில் போனைப் பிடுங்கி, "சரிப்பா, அவ மன்னிப்புக் கேட்டுடுவா" என்று எனக்காக வாக்குக் கொடுத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ சொல்லும் அந்த வீடியோவிலும் பேச மாட்டேன். இது தெரிந்த பிறகும் மேலே படிக்க மனமிருந்தால் படி.

தலைநகரில் ஜனாதிபதியின் தேர்தல் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு எந்த ஊரில் பெரியவர் முந்துகிறார், எந்த ஊரில் பிந்துகிறார் என்று கணித்துச் சொல்வது உன் வேலை. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் அறையில் நடந்தது உனக்கு அங்கே வந்து சேர்ந்தபோது கை, கால், மூக்கெல்லாம் முளைத்திருக்கிறது. நான் ஜனாதிபதியின் படத்தைக் கிழித்துக் காலில் போட்டு மிதித்தேனாம். காலில் போட்டு மிதிக்க நான் முதலில் எழுந்து நிற்க வேண்டாமா? இரண்டு ஊசி குத்திப் படுத்திருக்கிறவள் எங்கே போய் மிதிப்பாள்?

எங்கள் அறை உனக்குத் தெரியும், ஒரு முறை வந்திருக்கிறாய். அதே படுக்கை, அதே முகங்கள். ஒரு ஊசி வழியாக ரத்தம் வெளியே போகும், மெஷினில் சுத்தமாகி இன்னொரு ஊசி வழியாக உள்ளே வரும். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. கையைக் கட்டிப்போட்டால் மனுஷருக்கு வாய் இரண்டு மடங்கு வேலை செய்யும். முன்பெல்லாம் உப்பு, கால் வீக்கம், மருமகள் இதுதான் பேச்சு. ஜனாதிபதித் தேர்தல் வந்ததும் நோயையே மறந்துபோனோம்.

எனக்கு வலப்பக்கப் படுக்கையில் பேண்டுக்காரர். கல்யாண ஊர்வலங்களில் ட்ரம்பெட் ஊதியவர். இப்போது ஊத மூச்சில்லை, ஆனால் பெரியவரைப் புகழ மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இந்த மெஷின்கள் யார் காலத்தில் வந்தன, போட்டியிடும் நீதிபதி அம்மாவுக்குப் பின்னால் ஒரு கட்சியாவது உண்டா என்று கேட்பார். இடப்பக்கம் கணக்கு டீச்சர். அவர் நீதிபதி அம்மாவின் பக்கம். ஆட்சியில் இருந்தவரின் மைத்துனனையே சிறைக்கு அனுப்பிய கை அது என்பார். நான் நடுவில். இரண்டு பக்கத்துச் சத்தமும் என் காதில்தான் விழும். ஒரு நாள் சிஸ்டர் வந்து, "ரெண்டு பேருக்கும் பிரஷர் ஏறுது, தேர்தலை ஒரு மணி நேரம் தள்ளி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். கண்டக்டரம்மா, உங்கள் மகன் அங்கேயே இருக்கிறான், நீங்கள் சொல்லுங்கள், யார் ஜெயிப்பார் என்றார்கள். பெரியவர்தான் ஜெயிப்பார் என்றேன். நீயும் அப்படித்தானே சொல்லியிருந்தாய். பேண்டுக்காரருக்கு முகமெல்லாம் பல். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போ உங்கள் ஓட்டும் அவருக்குத்தான் என்றார் பேண்டுக்காரர். இல்லை, நீதிபதி அம்மாவுக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"தோக்கப் போறவங்களுக்கா ஓட்டைப் போட்டு வீணாக்குவீங்க?"

"ஓட்டு என்ன பந்தயச் சீட்டா, ஜெயிக்கிற குதிரை மேல கட்டுறதுக்கு?"

அவ்வளவுதான் நான் பேசிய அரசியல். என் காரணம் உனக்குத் தெரியும். நாங்கள் டிப்போவில் வேலைநிறுத்தம் செய்தபோது பெரியவரின் ஆட்கள் கண்டக்டர் பெண்களை வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருத்தியாக மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அதற்காகத்தான் ஓய்வு பெறும்வரை சுடுகாட்டு ரூட்டிலேயே போட்டார்கள். போகும்போது கூட்டம், வரும்போது ஒருத்தர் குறைவு என்று நானே சிரித்துக்கொள்வேன். அந்த ஆளை நான் ஏன் இன்னொரு முறை உட்கார வைக்க வேண்டும்? அவர் ஜெயிக்கட்டும், என்னைக் கேட்டுக்கொண்டு ஜெயிக்க வேண்டாம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். எங்களுக்கெல்லாம் ஊசி குத்தி மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் கேமரா. ஒரு பெண் கையில் பெரியவரின் படம் போட்ட ஸ்டிக்கர்கள். மூன்றாமவர் வெள்ளைச் சட்டை, பேச்செல்லாம் அவர்தான். செருப்பைக்கூட வெளியே விடவில்லை. அந்தப் பெண் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மெஷினுக்கு மெஷின் படத்தை ஒட்டிக்கொண்டே போனாள். வெள்ளைச் சட்டைக்காரர் நேராக என்னிடம் வந்தார். பெரியவர் இல்லாவிட்டால் நான் இன்று உயிரோடு இல்லை, அவரே மறுபடியும் வர வேண்டும் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நீங்கள்தான் முதலில் என்றார்.

அவருக்கு என் பெயர் தெரிந்திருந்தது. நான் கண்டக்டராக இருந்தது, எந்தக் கிழமையில் வருகிறேன், எந்தப் படுக்கை, எல்லாம் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை.

முடியாது என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இந்த மெஷின் அவர் குடுத்தது. வேற ஆள் வந்தா இதெல்லாம் ஓடுமா ஓடாதான்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

என் ரத்தம் பாதி வெளியே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து இப்படிச் சொல்கிறார். எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது. அதை அப்படியே சொன்னேன்.

"உங்க பெரியவர் ஜெயிக்கிறது உறுதின்னு ஊரே சொல்லுது. நானும் சொல்றேன். ஜெயிக்கப் போறவருக்கு ஊசி குத்திப் படுத்திருக்கிற எங்ககிட்ட என்ன வேலை?"

அவர் வாயைத் திறப்பதற்குள் என் மெஷின் அலற ஆரம்பித்தது. சிஸ்டர் ஓடி வந்தார். எண் தெரியும் திரையின் மேலேயே ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாள் அந்தப் பெண். சிஸ்டர் இங்கே பார்க்கிறார், அங்கே பார்க்கிறார், படத்தில் கை வைக்கத் தயங்குகிறார். அரசாங்கச் சம்பளம், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊசி இல்லாத என் கை சும்மாதானே இருக்கிறது? எட்டிப் பிய்த்துப் போட்டேன். குழாய் மடங்கியிருந்திருக்கிறது, சரிசெய்தார். நீ கேள்விப்பட்ட கிழிப்பும் மிதிப்பும் இதுதான்.

அவர்கள் என்னை விட்டுப் பேண்டுக்காரரிடம் போனார்கள். அவர் பெரியவரின் பக்தர், அருவி மாதிரி கொட்டுவார் என்று நினைத்திருப்பார்கள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "என் ஓட்டு அவருக்குத்தான். ஆனா இந்தம்மாவை மிரட்டின வாய்க்கு நான் பேச மாட்டேன்" என்றார். டீச்சர் தூங்குவது போல நடித்தார். கடைசி வரை ஒருத்தரும் கேமராவுக்கு வாய் திறக்கவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரி நிர்வாகி கூப்பிட்டு அனுப்பினார். இனி நான் விடியற்காலை ஷிப்டுக்குத்தான் வர வேண்டுமாம். காரணம் கேட்டேன், நிர்வாக வசதி என்றார். இருட்டோடு எழுந்து போகிறோம். அப்பா டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறார், வழியெல்லாம் முணுமுணுக்கிறார். முதல் நாள் போய்ப் பார்த்தால் எனக்கு முன்னாலேயே பேண்டுக்காரர் படுத்திருக்கிறார். நடுவில் நான் இல்லாமல் வாதம் சூடு பிடிக்காமல் பிரஷர் இறங்கிப்போய்விட்டதாம், கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். அடுத்த வாரம் டீச்சரும் வந்துவிட்டார். நேரத்தைத்தான் அவர்களால் மாற்ற முடிந்தது.

என்னால் உன் வேலைக்குக் கெட்ட பெயர் என்கிறாய். அது எனக்கு வலிக்கிறது. ஆனால் அம்மாவின் நாக்குக்கு மகனின் சம்பளம் பூட்டாகக் கூடாது. வேளைக்குச் சாப்பிடு. கோபம் தணிந்ததும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா


அன்பு மகனுக்கு,

என் முந்தைய கடிதம் கிடைத்திருக்கும். பதில் இல்லை. தேர்தல் முடிவு வந்த பிறகு உன் போனும் அணைந்து கிடக்கிறது. உன் சிநேகிதனிடம் அப்பா விசாரித்தார். உங்கள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள், நீ அறையிலேயே இருக்கிறாய் என்று சொன்னானாம்.

நீதிபதி அம்மா ஜெயிப்பார் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அதனால் உன்னைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கில்லை. எங்கள் அறையில் சரியாகச் சொன்னவர் டீச்சர் ஒருவர்தான். அவரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, ஆசையில் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். ஓட்டுப் போட்ட அன்று காலையில் எனக்கு டயாலிசிஸ். முடிந்ததும் தலை சுற்றியது. அப்பா வீட்டுக்குப் போகலாம் என்றார். முதலில் சாவடி என்றேன். வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். உள்ளே போய்க் குத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்பா யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. சிரிக்கிறார்.

முடிவு வந்த பிறகு பேண்டுக்காரர் வந்தபோது, "சரி, உங்க நீதிபதி அம்மா ஜெயிச்சிட்டாங்க. மெஷின் ஓடுதான்னு பாப்போம்" என்றார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். முடிவு வந்த சில நாளில் நீதிபதி அம்மாவின் ஆட்கள் எங்கள் அறைக்கு வந்தார்கள். இவர்கள் செருப்பை வெளியே விட்டார்கள், அது ஒரு முன்னேற்றம். கையில் பூங்கொத்து, பின்னால் கேமரா. பின்னாலேயே அந்த நிர்வாகி, என் ஷிப்டை இன்றே பகலுக்கு மாற்றிவிடுகிறேன் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். வந்தவர்கள் என்னைத் துணிச்சல் தாய் என்றார்கள். பழைய ஆட்சி என்னை எப்படிக் கொடுமைப்படுத்தியது என்று நாட்டுக்குச் சொல்ல வேண்டுமாம். புது ஜனாதிபதியின் படம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள், என் தலைக்கு மேலே மாட்ட.

"என் ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன்" என்றேன். "அதோட என் வேலை முடிஞ்சுது. என் ஊசியையும் குழாயையும் யாருக்கும் காட்ட மாட்டேன். கேமராவை வெளிய வச்சிட்டு வாங்க. மூலையில ரெண்டு மெஷின் ரிப்பேராகிக் கிடக்கு, அதைப் பாத்துட்டுப் போங்க."

டீச்சருக்கு என்மேல் கோபம். நம் ஆட்களையே இப்படி விரட்டலாமா என்றார். சொந்தக்காரன் பஸ்ஸில் ஏறினாலும் டிக்கெட் டிக்கெட்தான் டீச்சர் என்றேன். பேண்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் மெஷின் அலறியது. வந்தவர்கள் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். மெஷினைப் பார்க்க இன்னும் யாரும் வரவில்லை. வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். நிர்வாகியிடமும் சொல்லிவிட்டேன், மூவரையும் சேர்த்து மாற்றினால் மாற்றுங்கள், என்னை மட்டும் மாற்றுவதாக இருந்தால் விடியற்காலையே எனக்குச் சவுகரியம் என்று. யோசிக்கிறாராம்.

இனி உன் விஷயம். நீ போனை அணைத்து வைத்திருப்பதே எனக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ என்ற பயத்தில்தான். தெரியும். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என் படுக்கையருகே வந்து நின்ற அன்றே தெரியும். அதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. நேரில் வந்தாலும் கேட்கப் போவதில்லை. கேட்கக் கூடாது என்று என்னை யாரும் மிரட்டவில்லை, நானாக எடுத்த முடிவு இது. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. நீயாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன். சொல்லாமலே இருந்தாலும் உனக்கு என்ன பரிமாறுவேனோ அதையேதான் பரிமாறுவேன்.

அங்கே தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து தோல்வியை எண்ணிக்கொண்டிருக்காதே. ஜெயித்தவர்களுக்குப் போக ஆயிரம் வாசல் இருக்கும் கண்ணு. தோற்றவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். பகல் பஸ்ஸில் ஏறி, நாலு பேர் பார்க்க, தலையை நிமிர்த்திக்கொண்டு வா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா