வாசிக்காத பேர்

கல்லறைத் திருநாள் பூசைக்கு அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பேரை எழுதிக் கொடுத்த சீட்டுகள் என் மடியில் கிடக்கின்றன. தோட்டத்துக் கோயிலில் வாசிப்பவள் இன்றைக்கும் நான்தான். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வருகிறேன். உன் அம்மாவின் பேரை எழுதிவிட்டேன். அடுத்த வரியில் பேனா நிற்கிறது. நீ கண்ணை மூடி நான்கு மாதம்.

பிரிஞ்சாங் டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுக்கு நீ மருமகளாகப் போனபோது, "மாதாவையே விட்டுட்டாளே" என்று தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு பேசினார்கள். சந்தையில் என்னிடம் நீ சிரித்தாய். "அவங்களும் மாதாவ மரியம்னு மரியாதையாதான் சொல்றாங்க டீச்சரம்மா. முக்காடு நம்ம கோயில்லயும் போட்டதுதானே. இப்ப வெளியிலயும் போடணும், அவ்ளோதான் லா."

உன் அம்மாவின் அடக்கப் பூசையில், நம் வழக்கப்படி, பிள்ளைகளின் பேரைச் சொல்லி நான் மன்றாட வேண்டும். தாளில் உன் பேரை உபதேசியார் அடித்துவிட்டார். "ஞானஸ்நானப் பேர சொன்னா அங்க வம்பு, புதுப் பேர சொன்னா இங்க வம்பு. விட்டுரும்மா." காலேஜ் படித்தவள் நான்; சரி என்று தலையாட்டினேன். உன் அண்ணன்மார் மூவரின் பேரை வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன். நீ வாசலுக்கு வெளியே, சாரலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாய்.

கல்லறை மேட்டிலிருந்து இறங்கும்போது கேட்டாய். "எங்கம்மாவுக்கு எத்தன பிள்ள டீச்சரம்மா?"

நான்கு என்று எனக்குத் தெரியும். மழை வலுக்கிறது, சீக்கிரம் போ என்றேன்.

அதன்பிறகும் பெருநாளுக்கு உன் நெய்ச்சோறு வந்தது, கிறிஸ்துமஸுக்கு என் முறுக்கு போனது. அந்தக் கேள்வியை மட்டும் நாம் இருவரும் தொடவில்லை.

இப்போதும் உன் பேரை எழுத முடியாது. எங்கள் கோயிலில் அது கேட்டதென்றால், இஸ்லாமிய மத இலாகாவில் உன் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உன் வீட்டார் உன்னைத் தங்கள் முறைப்படி நல்லபடியாகத்தான் அடக்கினார்கள்; உன் மகன் அழுதுகொண்டே துஆ ஓதினான். அதைக் குலைக்க நான் யார்? அன்றைக்கும் காரணம் சரியாக இருந்தது, இன்றைக்கும் சரியாக இருக்கிறது. அதுதான் அலுத்துப்போகிறது.

ஒன்று செய்வேன். உன் அம்மாவின் பேரை வாசித்ததும் அடுத்த வீட்டாரின் பேர்களுக்கு உடனே போகமாட்டேன். ஒரு பேர் சொல்கிற நேரம் நிற்பேன். டீச்சருக்குக் கண் மங்குகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.